ஏகாம்பரம் வைத்த சந்தனப் பொட்டு

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா? புதிதாக உறுப்பினர் அட்டை வாங்கிய கையோடு துணை நடிகர் சங்கத்து மாடியில் வந்து உட்கார்ந்துகொண்டு, "ஆயா, நீ அழாம நடிச்ச படம் ஒண்ணு கீதாமே, அத்த சொல்லு ஆயா" என்று நச்சரிக்கிறீர்கள். தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? உங்களை யாராவது அழாமல் இருக்கக் கூப்பிடப் போகிறார்களா? முதலில் கிளிசரின் இல்லாமல் ஒரு கண்ணிலாவது தண்ணீர் வரவழைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இன்னொரு கண் வெட்கப்பட்டுத் தானாக வரும்.

சரி, மூஞ்சியைத் தூக்கிக்கொள்ள வேண்டாம். சொல்கிறேன். நான் பள்ளிக்கூடத்தை வெளியே நின்று பார்த்த நாள்தான் அதிகம். அதனால் நான் சொல்லச் சொல்ல, சங்கத்து ஆபீஸ் பெண் எழுதிக்கொள்கிறாள். நான் 'கீது' என்றால் அவள் 'இருக்கிறது' என்று எழுதுகிறாள்; ஆட்கள் பேசினதை மட்டும் அப்படியே விடுகிறாள். படிக்கும்போது நான் பெரிய படிப்பாளி போலத் தெரிந்தால் அது அவள் செய்த குற்றம்.

துணை நடிகைகளில் சாவு வீட்டுக்கென்றே கூப்பிடப்படும் ஆள் நான். அழுகாச்சி அலமேலு என்றால் கோடம்பாக்கத்தில் டீக்கடைக்காரனுக்கும் தெரியும். என் வீடு மயிலாப்பூர் ஹவுஸிங் போர்டில். வேலை முடிந்து படியேறினால் போதும், எதிர்வீட்டு செல்வி குடத்தோடு நின்றுகொண்டு கேட்பாள்: "இன்னிக்கு யாரு ஆயா செத்தது?"

"ஹீரோவோட அப்பன்" என்பேன்.

"ஐயோ பாவம். போன வாரம் தானே செத்தாரு?"

"அது வேற படத்துல."

மொத்த மாடியும் சிரிக்கும். தினமும் இப்படித்தான்.

நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. உயிரோடு இருக்கிற நடிகரைப் பிணமாகப் படுக்க வைத்தாலும் சரி, அவர் போட்டோவுக்கு மாலை போட்டாலும் சரி, வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் பூசணிக்காய் சுற்றி உடைப்போம். அவர் கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரிக்க வேண்டும். அதையும் எடுப்போம். ஒருமுறை என்னோடு வந்தவள் அவசரத்தில், கட்டிலில் படுத்திருந்த ஒரு பெரிய நடிகர் மேல் விழுந்து மாரடித்து அழுதாள். அவர் காட்சிப்படி வெறும் காய்ச்சல்காரர். பிணம் அடுத்த அறையில் பீடி குடித்துக்கொண்டிருந்தது. காய்ச்சல்காரர் சுற்றிப் போடாமல் காரில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டார். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் பழக்கத்தை ஞாபகத்தில் வையுங்கள். இது கடைசியில் வேண்டியிருக்கும்.

அந்தப் படத்துக்கு என்னைத் தேடி வந்தவள் தேன்மொழி என்கிற பெண். குறும்படம் எடுக்கிறவள். ஒல்லி, தோளில் அவளைவிடப் பெரிய பை.

"இலங்கையில நம்ம ஜனங்களுக்கு நடந்த இனப்படுகொலையைப் பத்தின படம் ஆயா. ஆனா குண்டு கிடையாது, ரத்தம் கிடையாது. ஒரு அம்மா, மகனுக்குச் சோறு போட்டு வெச்சுட்டு, எதிர்ல உக்காந்திருக்காங்க. சோத்துல இருந்து வர்ற ஆவி அடங்குற வரைக்கும் கேமரா நகராது. அவ்வளவுதான்."

"சோறு ஆறுறத பாக்க எவன்டி வருவான்?"

"வருவாங்க ஆயா."

"அங்க மொத்தம் எத்தினி பேர் செத்தாங்க?"

"எண்ணி முடிக்கவே விடல ஆயா."

அதற்குமேல் நான் கேலி செய்யவில்லை. கடைசியாக அவள் ஒன்று சொன்னாள்: "நீங்க அழக்கூடாது."

முடிவெட்டுகிறவனைக் கூப்பிட்டுக் கத்திரிக்கோலை எடுக்காதே என்றால் எப்படி இருக்கும்? "அப்ப இன்னாத்துக்கு என்னைக் கூப்புட்ற?" என்றேன்.

"மகன் செத்துட்டான்னு தெரிஞ்சாதானே ஆயா அழுவாங்க? இந்த அம்மாவுக்கு அதுவே தெரியாது. வரப்போற அழுகையைக் கையில புடிச்சு வெச்சிருக்கணும். அழவே தெரியாதவங்களுக்கு அதுவும் தெரியாது."

பெண் கெட்டிக்காரிதான்.

படத்தில் வரும் அம்மா கற்பனை இல்லை. சிவமலர் என்று ஒருத்தி. வன்னியிலிருந்து படகில் வந்தவள். அடையாறில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை. சண்டை முடிந்த சமயத்தில் ராணுவக்காரர்கள் சனங்களையெல்லாம் வரிசையில் நிறுத்தியபோது, இவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகனைப் பிரித்துக் கூட்டிப் போனார்கள். "கொஞ்ச நேரம் நில்லுங்கோ, விசாரிச்சிட்டு விடுறம்" என்றார்களாம். அவன் பெயர் கஜன். அவனுடைய பள்ளிக்கூடத்து போட்டோ ஒன்றுதான் இவளிடம் மிச்சம். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. ஓரமெல்லாம் கடல் தண்ணீர் பட்ட கறை.

அதற்கு ஒரு காப்பி போட்டுத்தான் வைத்திருந்தாள் தேன்மொழி. கேமராமேன் பார்த்துவிட்டு, புதிதாகப் பளபளவென்று இருக்கிறது, பொய்யாகத் தெரிகிறது என்றார். அதனால் நிஜப் படத்தையே ஒரு பகல் கடன் கேட்டாள். ஷூட்டிங் அன்று காலை சிவமலரே கொண்டுவந்தாள். ஷூட்டிங் நடந்தது மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு மாமியின் பழைய வீட்டில். கீழ்ப்பகுதியை ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுவார்கள். சிவமலர் துணிப்பைக்குள் துண்டு விரித்து, அதற்குள் போட்டோவை வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"வெயிலில வைக்காதேங்கோ பிள்ளை. வேலை முடிய நான் வந்து கூட்டிக்கொண்டு போவன். ராவில வேற வீட்டில தங்கி அவனுக்குப் பழக்கமில்லை."

இவ்வளவுதான் அவள் சொன்னது. மாலை போடாதீர்கள் என்று சொல்லவில்லை. ஒருவர் அப்படிச் செய்வார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

கேட்டுக்கொள்ளுங்கள், இங்கேதான் வினை. கேமராமேன் படத்தை பிரேமில் மாட்டிச் சுவரில் தொங்கவிட்டார். கண்ணாடியில் லைட் அடித்தது. அவர் தொழில் அவருக்கு. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். பிறகு நாங்கள் எல்லோரும் மொட்டைமாடிக்குச் சாப்பிடப் போனோம்.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தவர் ஏகாம்பரம். அவர் ப்ராப்பர்ட்டி பார்க்கிறவர். காட்சிக்கு வேண்டிய தட்டு, டம்ளர், பாய் எல்லாம் கொண்டுவந்து அடுக்குவார். காலையில் சிவமலர் வந்தபோது அவர் இல்லை, தி.நகரில் எவர்சில்வர் தட்டு தேடிக்கொண்டிருந்தார். கதை என்னவென்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சுவரில் ஒரு பையன் போட்டோ. கீழே பாய். என் செருப்பு வாசலில், அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். அவர் கண்ணை மூடிக்கொண்டே சாவு வீடு ஜோடிப்பவர். பெட்டியிலிருந்து சந்தனம், குங்குமம் எடுத்துக் குழைத்து நெற்றியில் அழகாகப் பொட்டு வைத்தார். மல்லிகை மாலை போட்டார். கீழே சின்ன விளக்கும் ஏற்றி வைத்தார்.

நாங்கள் இறங்கி வந்தோம். தேன்மொழி அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் தோளுக்கு மேலாக நான் எட்டிப் பார்த்தேன். எத்தனையோ படத்தில் எத்தனையோ மாலை போட்ட போட்டோவைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்ட எனக்கு, அன்றைக்குத்தான் நிஜமாகவே நெஞ்சு அடித்துக்கொண்டது.

"யார் பண்ணது இதை?" என்றாள் தேன்மொழி.

"நான்தாம்மா. நல்லா கீதா?" என்றார் ஏகாம்பரம்.

"ஐயோ, இது சாவு சீன் இல்ல சார்!"

"சாவு சீன் இல்லியா? அப்ப இன்னாத்துக்கு அலமேலுவ இட்டாந்தீங்க?"

மனுஷன் என் செருப்பைப் பார்த்தே முடிவு கட்டியிருக்கிறார்.

அப்போது தேன்மொழியின் போன் அடித்தது. சிவமலர். போன் ஸ்பீக்கரில் இருந்தது, எல்லோருக்கும் கேட்டது. "நான் பஸ்ஸால இறங்கிட்டன் பிள்ளை. குளத்தடியில நிக்கிறன். இண்டைக்கு வேலை கெதியா முடிஞ்சுது. வரட்டோ?"

குளத்திலிருந்து வீடு கூப்பிடு தூரம்.

அதற்குள் ஏகாம்பரத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாலையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு, தோள் துண்டை டம்ளர் தண்ணீரில் நனைத்துப் பொட்டைத் துடைக்கப் போனார்.

"யோவ், கை வெக்காதே!" என்று கத்தினேன்.

ஏன் கத்தினேன் என்று எனக்கே தெரியாது. ஈரத்துணி பட்டால் படம் கரையுமா, காய்ந்தால் தானாக உதிருமா, எனக்குத் தெரியாது. அந்த அறையில் யாருக்கும் தெரியாது. எல்லோர் கையும் துறுதுறுவென்று ஏதாவது செய்யத் துடித்தது, அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. பதறின கை தொட்டால் பையனுக்கு நெற்றியே இல்லாமல் போய்விடும் என்று பயந்தேன்.

தேன்மொழி போட்டோவின் காப்பி இருந்த உறையைப் பிரித்துவிட்டாள். "இதை பிரேம்ல மாட்டிக் குடுத்துடலாம். ஒரிஜினலை யார்கிட்டயாவது குடுத்து சரி பண்ணி அப்புறம் மாத்திக்கலாம். ஆயா, நீங்க போய் அவங்களைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைங்க. ப்ளீஸ் ஆயா. உங்களால முடியும்."

என்னால் முடியும்தான். பொய் சொல்வது எனக்குச் சோறு தின்கிற மாதிரி. மயக்கம் வந்து விழுவேன், மூக்கைச் சிந்துவேன், மருமகள் கதை சொல்வேன். என் முட்டி அப்போதே பாதி போய்விட்டது. இருந்தாலும் வேகமாக நடந்தேன். நடக்க நடக்க எந்தப் பொய்யை எடுப்பது என்று மனசுக்குள் துழாவிக்கொண்டே போனேன்.

குளத்தடியில் பூக்கடைகளுக்குப் பக்கத்தில் குடையோடு நின்றிருந்தாள் சிவமலர். காலையில் கொண்டுவந்த துணிப்பை கையில் காலியாக இருந்தது. துண்டு உள்ளேயே மடித்து வைத்திருந்தது.

"வாங்கோ அக்கா. முடிஞ்சுதோ?"

"எங்க முடிஞ்சுது? டைரக்டரு பொண்ணு லைட்டப் பாக்குது, சோத்தப் பாக்குது, மறுபடி லைட்டப் பாக்குது. நீ வா, ஒரு காப்பி குடிச்சிக்கினு போலாம்."

"எனக்கு வேண்டாம் அக்கா. அவனைக் கூட்டிக்கொண்டு போனாப் போதும்."

"அட, கொஞ்ச நேரம் நில்லும்மா…"

வாய்க்குள்ளேயே அந்த வார்த்தை என்னைக் கடித்தது. கொஞ்ச நேரம் நில்லுங்கோ. இதையேதான் அவளிடம் முன்னால் ஒருமுறை சொல்லியிருக்கிறார்கள். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் பையனை என்ன செய்தார்கள் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. இப்போது நான் இங்கே நிறுத்தி வைத்திருக்கிறேன். அங்கே பையனை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த நேரம் பூக்காரி வேறு, "மாலை கட்டித் தரட்டாம்மா? சம்பங்கி நல்லாக் கீது" என்று ஒரு மாலையைத் தூக்கி சிவமலர் முகத்துக்கு நேராகக் காட்டினாள். சிவமலர் சுடுதண்ணீர் பட்டவள் போலப் பின்னால் போனாள்.

"வேண்டாம், வேண்டாம்." பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அங்க இருக்கேக்க அரசாங்க ஆக்கள் ரெண்டு தரம் வந்து கேட்டவை அக்கா. அவன் செத்தவன் எண்டு கடதாசி தாறம், கையெழுத்து வையுங்கோ எண்டு. நான் வைக்கேல்ல. இவ்வளவு காலமா அந்தப் படத்துக்கு ஒரு பூக்கூட நான் வைச்சதில்லை."

எனக்குக் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. கண்ணீரை எனக்குக் கட்டத் தெரியும். வியர்வையைக் கட்டத் தெரியாது.

"ஏனக்கா உங்களுக்கு இப்பிடி வேர்க்குது?" என்றவள், என் முகத்தையே பார்த்தாள். "அவனுக்கு ஏதும் நடந்திட்டுதோ?"

போட்டோவின் காப்பியை பிரேமில் மாட்டிக் கொடுத்தால் அவள் வீட்டுக்குப் போய்ப் பையைப் பிரிப்பாள். பார்த்த கணமே தெரிந்துவிடும். அப்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்?

"மலரு, ஒரு தப்பு நடந்துபோச்சு. விசயம் தெரியாத ஒருத்தரு, புள்ள போட்டோவுக்குப் பொட்டு வெச்சு மாலை போட்டுட்டாரு. மேல கண்ணாடி இல்ல. சந்தனம் படத்து மேலயே ஒட்டிக்கினு கீது."

அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். சந்தனத்தைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

"மாலை இப்பவும் கிடக்கோ?"

"கழட்டியாச்சு."

"ஆர் கழட்டினது?"

"போட்டவரே."

அவ்வளவுதான். குடையைக்கூட விரிக்காமல் நடந்தாள். என்னால் அவளை எட்டிப் பிடிக்க முடியவில்லை.

நான் மூச்சு வாங்க உள்ளே நுழைந்தபோது மேஜைமேல் காப்பியும் நிஜப் படமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. சிவமலர் காப்பியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிஜத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மெல்ல ஊதினாள். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. நெற்றியில் மஞ்சளாக ஒரு தடமும், நடுவே சிவப்பாகக் கொஞ்சமும் தங்கிவிட்டன.

ஏகாம்பரம் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "அம்மா, நான் வேணும்னு செய்யல. செத்துப்போன புள்ளன்னு நெனச்சிட்டேன்."

சொல்லக்கூடாத சொல்லை மனுஷன் பட்டென்று போட்டு உடைத்துவிட்டார். தேன்மொழி கண்ணை மூடிக்கொண்டாள்.

சிவமலர் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கள் மட்டுமில்லை அண்ணை. எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கினம். வாய் திறந்து சொன்னது நீங்கள்தான்."

பையைத் திறந்து துண்டை விரித்தாள். போகப் போகிறாள். நாங்கள் எடுக்கிற படம் நின்றுபோனால் போகட்டும். சினிமாக்காரர்கள் சேர்ந்து அவள் பிள்ளையைச் சாகடித்தோம் என்கிற நினைப்போடு போகப் போகிறாளே. அப்போதுதான் எனக்கு அந்தக் காய்ச்சல்காரர் ஞாபகம் வந்தது.

"யோவ் ஏகாம்பரம்," என்று அதட்டினேன். "உசுரோட கீற ஆளுக்கு மாலை போட்டியே, சுத்திப் போட வேணாமா? தொழில் மறந்துபோச்சா? போய் பூசணிக்கா வாங்கினு வாய்யா!"

அவர் என்னைப் பார்த்தார். புரிந்தது. மாலையைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

"என்னக்கா இது?" என்றாள் சிவமலர்.

"எங்க பழக்கம்மா. தப்பா மாலை விழுந்துட்டா சுத்திப் போட்டுத்தான் அனுப்புவோம். எவ்ளோ பெரிய ஹீரோவா இருந்தாலும் சரி. செத்தவங்களுக்கு இது கிடையாது. உசுரோட கீறவங்களுக்குத்தான்."

நான் விளையாடுகிறேனா என்று அவள் வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தாள். நான் விளையாடவில்லை. அவன் உயிரோடு இருக்கிறான் என்று நான் சொல்லவும் இல்லை. எனக்கு என்ன தெரியும்? ஆனால் செத்தான் என்று நாங்கள் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ள எங்கள் தொழிலில் ஒரு வழி இருந்தது. கடதாசி நீட்டினவர்களிடம் அது இல்லை.

பூசணிக்காயைப் பார்த்ததும் வீட்டுக்கார மாமி இறங்கி வந்துவிட்டாள். "எங்காத்து வாசல்ல ஒடைக்கப்படாது. போன தடவை ஒடைச்சுட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டேள், பால்காரன் வழுக்கி விழுந்தான். இது யாருக்கு இப்போ?"

"என்ர மகனுக்கு அம்மா" என்றாள் சிவமலர்.

மாமி போட்டோவைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "ஓரமா ஒடைங்கோ" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனவள் கற்பூரத்தோடு திரும்பி வந்தாள். முணுமுணுப்பை மட்டும் நிறுத்தவில்லை.

சிவமலர் படத்தைத் தெருவைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏகாம்பரம் சுற்றினார். ஓரமாகவே உடைத்தார். கேமராமேன் கேமராவோடு வந்து நின்றார். பழக்கதோஷத்தில், "ஆர்ட்டிஸ்ட் சிரிக்கணும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

படத்தில் பையன் உம்மென்று இருந்தான்.

"அவன் போட்டோவுக்குச் சிரிக்க மாட்டான்," என்றாள் சிவமலர். "பள்ளிக்கூடத்திலயும் அப்பிடித்தான். அவனுக்காக நான் சிரிக்கட்டோ?"

சிரித்தாள். சிரிப்பு எப்படி என்பதை யோசித்து யோசித்து வரவழைத்த சிரிப்பு. நான் அழுகை வரவழைக்கிற மாதிரி. அதை எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவளே உள்ளே போய்ப் படத்தைச் சுவரில் மாட்டினாள். நெற்றியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கோயிலுக்குப் போயிட்டு வந்தவன் மாதிரி இருக்கிறான்" என்றாள். தேன்மொழியிடம் திரும்பி, "எடு பிள்ளை" என்றாள்.

எடுத்தார்கள். என் வேலை அப்போதுதான் தொடங்கியது. எதிரே சுடச்சுடச் சோறு. சுவரில் பையன். கேமராவுக்குப் பின்னால் காலிப் பையோடு அவன் அம்மா. இத்தனை வருஷப் பழக்கம். போட்டோவைப் பார்த்தாலே என் கண் தானாக ஊறும். அன்றைக்கும் ஊறி விளிம்புவரை வந்துவிட்டது. விழுந்தால் போச்சு. இப்போதுதான் அவனைத் திருப்பிக் கொடுத்திருக்கிறோம். என் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால் மறுபடி சாகடித்த மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆவியையே பார்த்தேன். அது மெலிந்து, நூலாகி, இல்லாமல் போயிற்று.

தேன்மொழி 'கட்' சொல்லவில்லை. மறந்துவிட்டாளா, வாய் வரவில்லையா தெரியாது. கடைசியில் சிவமலர்தான் சொன்னாள்: "சோறு ஆறிட்டுது பிள்ளை."

இருட்டுவதற்கு முன்னால் அவனைத் துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டு போனாள்.

இதுதான் நீங்கள் கேட்ட கதை. உங்களை இனி எத்தனையோ வீட்டில் உட்கார வைத்து அழச் சொல்வார்கள். சுவரில் ஒரு போட்டோ தொங்கினால், அது யார் வீட்டுப் பிள்ளை, அவன் அம்மா எங்கே என்று முதலில் கேளுங்கள். டைரக்டர் முறைப்பார். முறைக்கட்டும். கூட வேலை செய்கிறவருக்கும் சொல்லிவையுங்கள். ஏகாம்பரத்துக்கு நாங்கள் சொல்லாமல் விட்ட மாதிரி விடாதீர்கள்.

அன்றைக்கு முட்டியைப் பிடித்துக்கொண்டு ஹவுஸிங் போர்டு படியேறினேன். செல்வி குடத்தோடு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் வழக்கமான கூட்டம், சிரிக்கத் தயாராக.

"இன்னா ஆயா, இன்னிக்கு யாரு செத்தது?"

"யாரும் சாவலடி," என்றேன். "ஒரு புள்ள கோயிலுக்குப் போயிருக்கான். இன்னும் வரல. அவங்கம்மா சோறு போட்டு வெச்சிக்கினு ஒக்காந்துகினு கீறாங்க."